பெயர் எழுதத் தேவையில்லை

ஹமாசே, செப்டம்பர் 8

தீவில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

வானிலையைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் கடிதத்தை ஆரம்பித்தால் உங்களுக்குப் பிடிக்காது. இங்கே புழுக்கம் இன்னும் விடவில்லை, இலையுதிர்காலத்தைச் சொல்லும் தட்டான்கள் மட்டும் வந்துவிட்டன. கடமை முடிந்தது.

அலுவலக வேலையாகத்தான் எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தாயிற்று. இப்போது ஆசிரியர்களுக்கு ஒரு புதிய தொழில்நுட்ப வரையறை வந்திருக்கிறது. இன்னின்ன பதினெட்டு விஷயங்கள் தெரிந்தால்தான் ஆசிரியராம். நம் வட்டாரத்துப் பதினொரு பள்ளிகளுக்கும் பயிற்சியைத் திட்டமிடும் பொறுப்பைக் கல்வி அலுவலகத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள். யாருக்கு என்ன தெரியும் என்று அறிய ஒரு தாள் அனுப்பினேனே, உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு எண்கள். 1 கொஞ்சமும் முடியாது, 2 அவ்வளவாக முடியாது, 3 ஓரளவு முடியும், 4 நன்றாக முடியும். ஒன்றை வட்டமிட வேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை என்று மேலேயே தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தேன்.

நூற்று எண்பத்தேழு தாள்கள் வந்தன. அத்தனையிலும் வரிசையாக 3, 3, 3. ஐம்பத்தொன்பது வயதுக்காரரும் 3, போன வருஷம் சேர்ந்தவரும் 3. ஒரே ஒரு தாளில் மட்டும் பதினெட்டுக்கும் 1. வட்டம் போட்ட வேகத்தில் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருக்கிறது. அது உங்கள் பள்ளியின் உறையில் இருந்தது. அங்கே இருப்பதே ஆறு ஆசிரியர்கள். யார் அது? கண்டிப்பதற்காகக் கேட்கவில்லை. நூற்று எண்பத்தாறு பேர் ஒன்று சொல்லும்போது ஒருவர் மட்டும் வேறு சொல்கிறாரே, அவரைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நாம் இருவரும் மிக நன்றாகப் பேசிக்கொள்கிறோம், வைத்த பிறகுதான் ஒன்றுமே பேசவில்லை என்று தெரிகிறது.

இன்னொன்று. தீவில் உங்களுக்கு இது மூன்றாவது வருஷம். திரும்பி வர விரும்புகிறவர்கள் நவம்பர் 30க்குள் இடமாற்றப் படிவம் கொடுக்க வேண்டுமாம். அதை விட்டால் இன்னும் மூன்று வருஷம். சும்மா காதில் விழுந்தது, எழுதினேன்.

சிஸுரு


ஒகினோசே தீவு, செப்டம்பர் 17

கரையில் இருக்கும் சிஸுருவுக்கு,

புயல் வந்து போனது. இரண்டு நாள் கப்பல் இல்லை, கடையில் ரொட்டியும் இல்லை. உன் கடிதம் அந்த இரண்டு நாளும் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தது. உலர்த்திய சர்க்கரைவள்ளி ஒரு பை அனுப்பியிருக்கிறேன். போன தடவை அனுப்பியதை அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். இதையாவது நீ தின்னு.

அந்த 1 போட்ட ஆளை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். நல்ல மனிதர். ஆனால் மற்றவர்கள் ஏன் 3 போட்டார்கள் என்று எனக்கும் ஆவலாகிவிட்டது. எங்கள் துணைத் தலைமையாசிரியர் மியாகேவை டீ நேரத்தில் பிடித்தேன்.

"இது தெரியாதா உங்களுக்கு? 1 போட்டா தலைமையாசிரியர் கூப்பிட்டு என்ன கஷ்டம்னு விசாரிப்பார். 4 போட்டா மத்தவங்களுக்கு நீயே சொல்லிக்குடுன்னு நம்ம தலையில கட்டிருவாங்க. 2 போட்டா சோம்பேறின்னு நெனப்பாங்க. 3 போட்டா ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டான்."

"பேர் எழுத வேண்டாம்னுதான போட்டிருந்துது?" என்றேன்.

"ஆறு பேர் இருக்கற பள்ளிக்கூடத்துல பேர் எதுக்கு சார்? கையெழுத்தே பேர்தான். அதுவுமில்லாம கேக்கறவங்க மனசு நோகக் கூடாது பாருங்க. இவ்வளவு சிரமப்பட்டுத் தாள் அனுப்பியிருக்காங்க!"

ஆக, உன்னிடம் இருப்பது நூற்று எண்பத்தாறு மரியாதைகள். அதை வைத்துப் பயிற்சி நடத்தாதே.

இடமாற்றப் படிவம் வந்தது. மேஜை மேல் இருக்கிறது.

யசுனோரி


ஹமாசே, அக்டோபர் 4

என் வீட்டுக்காரருக்கு,

குளிர் ஆரம்பித்துவிட்டது. உங்கள் கடிதம் வருவதற்குள் பயிற்சி செப்டம்பர் 24ஆம் தேதிக்கு முடிவாகிவிட்டிருந்தது. நகரத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். எல்லோரும் 3 என்பதால் அடிப்படையை விட்டுவிட்டு மேலே போகலாம் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். இரண்டு மணி நேரம், அறுபத்திரண்டு படங்கள். நடுவில் மூன்று பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள், அந்தக் கலை நம் ஆசிரியர்களுக்குத்தான் வரும். கடைசியில் "சந்தேகம் ஏதாவது?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் குனிந்து வணங்கிவிட்டு, கருத்துத் தாளில் மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

மறுவாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பள்ளிக்குப் போனேன். டேப்லெட்டுகள் சார்ஜ் ஏற்றும் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. சாவி எங்கே என்று கேட்டேன். தலைமையாசிரியரின் இழுப்பறையில். ஏன் என்று கேட்டேன். "உடைஞ்சா யார் பொறுப்பு மேடம்? ஆனா ஒண்ணு, தினமும் துடைக்கறோம்" என்றார் ஓர் ஆசிரியை. உண்மைதான், பளபளவென்று இருந்தன. சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

மனதில் இருப்பதைச் சொல்லாமல் 3 போடும் வழக்கம் எனக்குப் புதிதல்ல. நான் அலுவலகத்துக்கு மாறிய பிறகு தினமும் இரவு ஒன்பது மணிக்குத்தான் வருவேன். நீங்கள் தனியாகச் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். "பரவாயில்லையா?" என்று கேட்பேன். "பரவாயில்ல" என்பீர்கள். பிறகு ஒரு மார்ச் மாதக் காலையில் அலுவலகத்தில் நாளிதழை விரித்து, ஆசிரியர் இடமாற்றப் பட்டியலில் ஒரு விரலை வைத்து, "இது உங்க வீட்டுக்காரர் பேர்தானே? தீவுக்கா போறார்?" என்று எங்கள் பிரிவுத் தலைவர் தோமினாகா கேட்டார். எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. அதற்காக இன்றைக்கும் உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். சொல்லிவிட்டேன்.

நவம்பரில் இரண்டாவது பயிற்சி நடத்த வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

சிஸுரு


ஒகினோசே தீவு, அக்டோபர் 13

சிஸுருவுக்கு,

நாளிதழ் விஷயத்தைத் தள்ளிவைக்கிறேன். இப்போதைக்குப் பயிற்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இது தப்பிப்பதுதான், தெரியும்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது எங்கே, ஞாபகம் இருக்கிறதா? என்னுடைய பார்வை வகுப்பில். நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன், நீங்கள் முப்பது ஆசிரியர்கள் பின்சுவரோரம் நின்று குறிப்பெடுத்தீர்கள். நான் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு வியர்த்து நின்றேன். பிறகு நடந்த கலந்துரையாடலில் அத்தனை பேரும் மூச்சு விடாமல் கேள்வி கேட்டீர்கள், நீதான் அதிகம் கேட்டாய். நம் ஆட்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்று யார் சொன்னது? நிபுணரிடம் கேட்க மாட்டார்கள். தங்கள் முன்னால் வியர்த்து நிற்கும் ஒருவரிடம் கேட்பார்கள்.

நகரத்து நிபுணரை விடு. டேப்லெட்டை வைத்து ஒரு பார்வை வகுப்பு நடத்து. நடத்துவது நீயாக இரு. இருபத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றவள்தானே?

யசுனோரி


ஹமாசே, அக்டோபர் 20

வீட்டுக்காரருக்கு,

வானிலை கிடக்கட்டும். அங்கே உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வது சுலபம். ஒன்று சொல்கிறேன், படித்ததும் கிழித்துப் போடுங்கள். தாளை அனுப்புமுன் மாதிரிக்காக நானும் ஒன்று நிரப்பினேன். பதினெட்டுக்கும் 3. உண்மையில் பாதிக்கு மேல் எனக்கு 1. ஒரு பிள்ளையின் திரையைப் பெரிய திரையில் எப்படிக் காட்டுவது என்று கூடத் தெரியாது. பயிற்சியைத் திட்டமிடுகிறவளே இப்படி என்று தெரிந்தால் என்ன ஆகும்?

சிஸுரு


(அஞ்சலட்டை)
அக்டோபர் 26

போய் நில். கிழிக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.
ய.


ஹமாசே, நவம்பர் 15

வீட்டுக்காரருக்கு,

நின்றேன்!

12ஆம் தேதி, ஐந்தாம் வகுப்பு, மேகங்கள் பாடம். பின்சுவரோரம் நாற்பத்து மூன்று ஆசிரியர்கள். வர முடியாத பள்ளிகள் டேப்லெட் வழியாகப் பார்க்க ஏற்பாடு. பிள்ளைகள் மேகத்தைப் படம் எடுத்து வந்திருந்தார்கள். கடவுச்சொல் போடவே பதினேழு நிமிஷம் போய்விட்டது. ஒருத்தியின் மேகத்தைத் திரையில் காட்டப் போய் வேறொருத்தனின் மூக்குத் துவாரம் சுவர் அளவுக்கு வந்து நின்றது. அவன் எழுந்து நின்று வணங்கினான். வகுப்பே உருண்டு சிரித்தது. அதை எடுக்க எனக்குத் தெரியவில்லை. எங்கெங்கோ தொட்டுப் பார்த்தேன். மூக்கு இன்னும் பெரிதானது.

அப்போது என் வாயிலிருந்து தானாகவே வந்தது: "டீச்சருக்குத் தெரியல. யாருக்காவது தெரியுமா?"

பின்சுவரோரம் நின்றவர்கள் குறிப்பேட்டுக்குள் குனிந்தார்கள். முதல் வரிசைச் சிறுமி ஒருத்தி, "கீழேர்ந்து மேல இழுங்க டீச்சர். பயப்படாதீங்க, உடையாது" என்றாள்.

கலந்துரையாடலில் என்ன நடந்தது தெரியுமா? சாவியை இழுப்பறையில் வைத்திருந்த அதே தலைமையாசிரியர் முதலில் கை தூக்கினார். "எனக்கு அந்த மேல இழுக்கறதே தெரியாது. இன்னொரு தடவ காட்டுங்க" என்றார். அதோடு மடை திறந்தது. இருபத்தேழு கேள்விகள். எழுதி வைத்திருக்கிறேன், என் அடுத்த பயிற்சித் திட்டமே அந்த இருபத்தேழுதான். இனி ஒவ்வொரு பயிற்சியிலும், நடத்துகிறவர் தனக்குத் தெரியாத ஒன்றை முதலில் செய்து காட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதியே எழுதிவிட்டேன். தோமினாகா அதற்குக் கையெழுத்துப் போலத் தன் பெயர் முத்திரையைக் குத்தினார், முனகிக்கொண்டே.

ஒரு சந்தேகம். டேப்லெட் வழியாகப் பார்த்த பள்ளிகளின் திரைக் கட்டங்களில் ஒன்றில் மட்டும் ஐம்பது நிமிஷமும் ஒரு கூரை தெரிந்தது. மழைக்கறை பட்ட கூரை, ஓரத்தில் ஒரு காது. இடது காது. அந்தக் காதை எனக்குத் தெரியும் போல இருந்தது.

சிஸுரு


ஒகினோசே தீவு, நவம்பர் 21

சிஸுருவுக்கு,

மாலை ஐந்து மணிக்கே கடல் கறுத்துவிடுகிறது. காது என்னுடையது. அந்தக் கருவியை மேஜையில் படுக்க வைத்துவிட்டேன் என்று மியாகே மறுநாள்தான் சொன்னார். எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. மூக்கு வந்தபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "டீச்சருக்குத் தெரியல" என்று நீ சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. உன்னோடு வாழ்ந்த பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை நீ சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த 1 போட்டவனும் நான்தான். நல்ல மனிதர் என்று என்னைப் பற்றியே எழுதினேன், மன்னித்துவிடு. பெயர் எழுதத் தேவையில்லை என்றிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பதினெட்டுக் கேள்விகள் கூடப் போதவில்லை. தாள் கிழிந்தது டேப்லெட்டின் மேல் இருந்த கோபத்தில் அல்ல. அது போய்ச் சேரும் இடம் உன் மேஜை என்று எனக்குத் தெரியும்.

பரவாயில்லை என்று நான் சொன்னது ஒரு நாளும் உண்மை இல்லை. சோறு ஆறிப்போகும்வரை காத்திருந்து பார்த்திருக்கிறேன், பிறகு தனியாகச் சாப்பிட்டிருக்கிறேன். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் தீவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். நீ நாளிதழில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டது என் கோழைத்தனம்.

ஆனால் உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். பரவாயில்லையா என்று கேட்பது எப்போதும் நீ. வட்டமிடுவது எப்போதும் நான். உன் தாளை நான் பார்த்ததே இல்லை. இடமாற்றப் படிவம் இன்னும் வெறுமையாக மேஜையில் இருக்கிறது. இருக்க வேண்டுமா, வர வேண்டுமா என்று நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. காதில் விழுந்தது என்றுதான் எழுதினாய்.

நடத்துகிறவர் முதலில் காட்ட வேண்டும் என்று விதி எழுதியவள் நீதான்.

யசுனோரி


ஹமாசே, நவம்பர் 26
விரைவு அஞ்சல்

என்னவருக்கு,

கப்பல் ஓடினால் இது 28ஆம் தேதி உங்கள் கையில் இருக்கும்.

என் தாளை இணைத்திருக்கிறேன். அலுவலகத்தின் அதே தாள்தான். அச்சிட்ட பதினெட்டுக் கேள்விகளையும் அடித்துவிட்டு, பக்கத்தில் என் கேள்விகளை எழுதியிருக்கிறேன். ஒருவருக்கு மட்டும் சோறு வைக்க முடிகிறதா என்பதற்கு 3, அது உண்மையான 3, இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். குளியல் தொட்டியின் குழாயைச் சரிசெய்ய முடிகிறதா, அதற்கு 2. நாளிதழ் விஷயத்தை மறக்க முடிகிறதா, அதற்கு 1. அதை நீங்கள் வந்தாலும் ஒரு வருஷமாவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும், தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். ஒன்பது மணிக்கு முன்னால் வீட்டுக்கு வர முடியுமா என்பதற்கு 4 போடப் போனேன், பொய் என்று தோன்றியது. 2 போட்டேன். ஆனால் வர முடியாத நாளில் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்ல முடியும். அதற்கு 3.

சர்க்கரைவள்ளியை இந்தத் தடவை யாருக்கும் கொடுக்கவில்லை. அதைத் தின்றுகொண்டுதான் எழுதினேன், தாளின் ஓரத்தில் பிசுபிசுப்பு இருக்கும்.

பதினெட்டாவது கேள்விக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. நீங்கள் இல்லாமல் இருக்க முடிகிறதா? சக ஆசிரியர்கள் நூற்று எண்பத்தாறு பேரும் ஏன் 3 போட்டார்கள் என்று அப்போது முழுசாகப் புரிந்தது. 1 போட எவ்வளவு பயமாக இருக்கிறது!

போட்டுவிட்டேன். தாள் அந்த இடத்தில் லேசாகக் கிழிந்திருக்கிறது, பாருங்கள்.

மேலே அச்சிட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். நான் பெயர் எழுதி, என் பெயர் முத்திரையும் குத்தியிருக்கிறேன்.

சிஸுரு