அக்காவுக்குக் காட்டச் சொன்ன படம்

இடைவேளை விளக்கு எரிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடும் என் அண்ணாச்சிக்கு,

நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது. கரமனை ஆறு நேற்றிலிருந்து செம்மண் கரைத்துவிட்ட மாதிரி ஓடுகிறது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் துணி காயாதே என்ற கவலைதான் வரும். இப்போது, இது எந்த மலையின் மண், யார் வீட்டுப் பின்னால் இருந்தது என்று யோசித்துக்கொண்டு பாலத்தில் நின்றுவிடுகிறேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. தம்பானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் பாதி ஆயுசு உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுத்த முருகேசன் அண்ணாச்சி நீங்கள். நான் பக்கத்துத் துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறவள். ஆனால் நாம் பழகியது அங்கே இல்லை. ஒரு தீபாவளிப் படத்தின் இடைவேளையில், “இனி வில்லன் திருந்துவான், நாம வீட்டுக்குப் போவலாம்” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. திருந்தமாட்டான், சாவான் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். செத்தான். வெளியே வந்ததும் தோற்றதற்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து நான் உங்கள் தங்கச்சி.

பிறகு பீனா சேர்ந்தாள். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் மலையாளிப் பெண். தமிழ் முழுவதையும் சினிமாவில் படித்ததால், கோபம் வந்தால் மட்டும் சுத்தமாகப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நாம் மூவரும் உட்கார்ந்தால் எந்தப் படமும் உயிரோடு போகாது. எனக்கு முடிவு சரியாக இருக்கவேண்டும். பீனாவுக்கு ஒலியும் ஒளியும். உங்களுக்குச் சண்டை. அடி வாங்குகிறவன் முகத்தைக் காட்டாத சண்டை சண்டையே இல்லை என்பீர்கள்.

ஆவணப்படம் என்றால் உங்களுக்கு ஆகாது. பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, ஓசிப் படத்துக்கு என்னத்தைக் கருத்துச் சொல்ல என்று கேட்பீர்கள். பீனா விடமாட்டாள். ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலுக்கு அவள்தான் நம்மை இழுத்துக்கொண்டு போனாள். வெளியே மழை பெய்யாமல் இருந்திருந்தால் நீங்கள் பாதியில் எழுந்து போயிருப்பீர்கள், இல்லையா?

மலை சரிந்து பாதி ஊர் மண்ணுக்குள் போன ஒரு கிராமத்தைப் பற்றிய படம் அது. மிஞ்சியவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசினார்கள். பின்னணி இசை கிடையாது. ஒரு பெண் சொன்னாள், அதற்கு முந்தைய மழையிலேயே தன் வீட்டுக் கதவு நிலையில் சேரவில்லையாம், ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்ததாம், யாரும் பெரிதாக நினைக்கவில்லையாம். பிறகு ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் சரிந்தது. வந்தது அவ்வளவுதான் என்று ஓடினவர்கள் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரியது.

படம் முடிந்து டீக்கடைக்கு வந்தோம். மழைச் சத்தத்தை என்னமாய்ப் பதிந்திருக்கிறார்கள் என்று பீனா புகழ்ந்தாள். பேட்டிகளில் பாதியை வெட்டியிருக்கலாம் என்று நான் சொன்னேன். வழக்கமாக இந்த இடத்தில் நீங்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒரே அடியில் சாய்ப்பீர்கள். அன்று டீயைத் தொடவே இல்லை.

“படம் நல்லாருக்கா, நல்லால்லியான்னு எனக்குச் சொல்லத் தெரியல,” என்றீர்கள். “எங்க அக்கா வீட்டுக் கதவும் சேர மாட்டேங்கு.”

மழைக்கு மரம் ஊதத்தானே செய்யும் என்றேன்.

“ஏட்டி, அது தகரக் கதவு.”

உங்களுக்குப் பாக்கியம் என்று ஓர் அக்கா இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பொன்முடி போகும் பாதையில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே லயம் என்று சொல்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு. நீங்கள் பிறந்ததும் அந்த வரிசையில்தான். அப்பா அம்மா அம்பாசமுத்திரம் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள் என்று அன்று சொன்னீர்கள். இத்தனை வருடம் எத்தனையோ கதாநாயகர்களின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் அலசியிருக்கிறோம், உங்களுடையதைக் கேட்கத் தோன்றியதில்லை.

அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு மேலே போனீர்கள். திரும்பி வந்து சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் மண்திட்டில் ஒரு வெடிப்பு, உங்கள் கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. அக்காவிடம் காட்டினால், சினிமா பார்த்துப் பார்த்துத் தம்பி பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டான் என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாளாம்.

“அந்தப் படத்த அவளுக்கு ஒரு மட்டம் காட்டணும் செண்பகம். நான் சொன்னா சிரிக்கா.”

காட்டுவோம் அண்ணாச்சி என்றேன். அந்த மாதம் முடிவதற்குள் லாட்ஜ் மேசையில் தலையைச் சாய்த்த நீங்கள் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். பகல் வெளிச்சத்தில், வாசலில் ஆட்டோக்காரர்கள் சவாரிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அந்த மலைப் பாதையில் ஏறி இறங்கிய களைப்பா, அங்கே பார்த்துவிட்டு வந்த பயமா? யாரிடம் கேட்பது?

காரியத்துக்கு வந்த அக்காவிடம் கதவைப் பற்றிக் கேட்டேன். அவள் வீட்டுக்காரர், நம் அத்தான், கீலை மாற்றி அடித்துவிட்டார், இப்போது சேருகிறது என்றாள். அந்தப் பதிலை அன்றே பீனாவிடம் போய்ச் சொன்னேன்.

படத்தை எடுத்தவரிடம் பீனா எப்படியோ பேசிப் பிரதி வாங்கினாள். இந்த வருடக் கோடை மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அவளும் மடிக்கணினியையும் இரவல் புரொஜெக்டரையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். லயத்தில் பழைய வாசகசாலை அறை ஒன்று கிடைத்தது. ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டி இருட்டாக்கினோம். பட்டணத்திலிருந்து படம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கைக்குழந்தைகளோடு எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று நீங்கள் இருந்திருக்க வேண்டும். அத்தனை பேரும் நம்மைப் போலவே இருந்தார்கள். பாட்டு எப்போது வரும் என்று ஒரு சிறுமி கேட்டாள். முதல் பாதி இழுக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டார். எஸ்டேட் சூப்பர்வைசர், மலை சரிகிற இடம் வந்ததும், இது கிராபிக்ஸ் என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். கதவைப் பற்றிச் சொல்கிற பெண் திரையில் வந்து, பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். “இந்தப் பொம்பள நல்லா நடிக்கா” என்று எனக்குப் பின்னால் யாரோ மெல்லச் சொன்னார்கள்.

பாக்கியம் அக்கா திரையைப் பார்க்கவில்லை. கதவு என்ற வார்த்தை வந்ததிலிருந்து, தன் வீடு இருக்கும் திசையில் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து கம்பளியை அவிழ்த்ததும் எல்லோரும் எழுந்து கருத்துச் சொல்லத் தொடங்கினார்கள். அது வேறு மண், இது வேறு மண் என்றார்கள். நம் மலை பாறை, அசையாது என்றார்கள். அத்தானும் சிரித்துக்கொண்டே, படம் என்றால் அப்படித்தான் பயம் காட்டுவான் என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

“நம்ம கதவுக்குக் கீல எத்தன மட்டம் மாத்தி அடிச்சிய?”

அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொருவராக வெளியே போய், தங்கள் வீட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு வீட்டில் தரை வெடித்திருந்தது. பாயைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு கரமனையில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வேறு இரண்டு குடும்பங்கள் உறவுக்காரர்களிடம் போயின. அத்தான் வரவில்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு, சாவியைக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தானே என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லை. மற்றவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். போவதற்கு ஓர் இடம் இருக்கிறவர்களுக்குத்தான் பயப்பட முடிகிறது, அண்ணாச்சி.

அக்கா இங்கே பகலெல்லாம் தொலைக்காட்சியில் படம் பார்க்கிறாள். கதாநாயகன் வாயைத் திறக்குமுன் அவன் சொல்லப்போவதை இவள் சொல்லிவிடுகிறாள். முதல் நாள் அதைக் கேட்டதும், பின்வரிசையில் உங்கள் குரல் கேட்ட மாதிரி இருந்தது.

போன வாரம் மழை விடாமல் அடித்ததே, அப்போது வந்தது. கடைசி வீட்டுக்குப் பின்னால் திட்டு சரிந்து, அக்காவின் அடுக்களைச் சுவரையும் குளியலறையையும் கொண்டுபோய்விட்டது. காலை நேரம். அத்தான் பாக்டரியில் இருந்தார். அக்கா அங்கே இருந்திருந்தால், சோறு வடிக்கிற நேரம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், கடைசி வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், மற்ற வீடுகளைப் பிறகு பரிசோதிப்பதாகச் சொல்லிப் போனார்கள். சரிந்த இடத்தின்மேல் எஸ்டேட்காரர்கள் நீலத் தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள். அத்தான் இரண்டு வீடு தள்ளி ஒரு நண்பரோடு தங்கியிருக்கிறார். அன்று போனில் அவர் குரலில் நிம்மதிகூட இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“பாத்தியா, வந்தது அவ்வளவுதான். இனி ஒண்ணும் வராது.”

அக்கா போனை மடியில் வைத்தாள். சத்தமே இல்லாமல் என்னிடம் சொன்னாள்: “படத்துலயும் அப்படித்தான சொன்னாவ.”

நம் மூவருக்கும் முடிவு முன்பே தெரிந்துவிட்டால் படம் கசந்துவிடும், நினைவிருக்கிறதா? இப்போது அந்தக் கசப்பு வாயிலேயே இருக்கிறது. நேற்று மத்தியானம் அத்தான் பேசும்போது, ஊற்றில் தண்ணீர் கலங்கி வருவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதன் பிறகு போன் கிடைக்கவில்லை. மழையில் டவர் போயிருக்கும் என்று பீனா சொல்கிறாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து மெம்பரை விடாமல் கூப்பிட்டு, படத்தையும் அனுப்பிப் பார்க்க வைத்திருக்கிறாள். அவர் முழுதும் பார்த்துவிட்டு அவளை அழைத்திருக்கிறார். படம் எப்படி என்று இவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. கீழே பள்ளிக்கூடத்தில் முகாம் திறக்க ஏற்பாடு செய்துவிட்டு, நாளைக்கு ஜீப்போடு வருவதாக மட்டும் சொன்னாராம். ஜீப் வரும். லயத்தில் இருப்பவர்கள் ஏறுவார்களா என்பதுதான் தெரியவில்லை.

அதனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் அக்காவும் மேலே போகிறோம். வேண்டாம் அக்கா, நான் மட்டும் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “நான் போயி வாசல்ல நின்னாத்தான் அவரு வெளிய வருவாரு” என்கிறாள். பை எடுத்து வைத்துவிட்டாள். உள்ளே அவருக்கு ஒரு சட்டையும் வேட்டியும், அவ்வளவுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணாச்சி. உங்களிடம் மறைத்து என்ன? ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பேன். திட்டினாலும் நிற்பேன், சிரித்தாலும் நிற்பேன். அத்தானையும் அந்த வரிசையில் மிச்சம் இருப்பவர்களையும் ஜீப்பில் ஏற்றாமல் நானும் அக்காவும் மலை இறங்கமாட்டோம்.

மழை இன்னும் விடவில்லை.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
செண்பகம்
கரமனை