நீ கேட்ட புகையிலை வராது

சிவமயம்

இணுவில்,
தாது வருடம் மாசி மாதம்.

மலாயாவில் சிரம்பானில் இருக்கும் என் மகள் மீனாம்பிகைக்கு அப்பு எழுதுவது. கந்தசுவாமியார் புண்ணியத்தில் நாங்கள் இங்கே உண்டு உறங்கி நடமாடுகிறோம், அங்கே நீயும் மருமகனும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அவரையே கேட்டுக்கொள்கிறேன். இது இதுவரை எனக்காக எழுதித்தந்த மார்க்கண்டு வாத்தியாரின் எழுத்தல்ல, என் எழுத்து. வாசிகசாலையில் சின்னப்பிள்ளைகளோடு குந்தியிருந்து படித்தது வீண்போகவில்லை. ஒரு சொல்லை எழுதி மை காயும்வரை அதன் அழகைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எழுதுகிறேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் எழுதவந்த விஷயம் சந்தோஷமானதல்ல, அருவருப்பானது. பெண்களின் உடம்பைப் பற்றியது, வாத்தியாரிடம் சொல்லி எழுதுவிக்கவும் முடியாது. நீ போன கடிதத்தில் கேட்ட புகையிலை வராது. பனங்கிழங்கு ஒடியலும் பனம்பழப் பினாட்டும் மிளகாய்த்தூளும் அனுப்புகிறேன். நீயும் வெற்றிலையோடு புகையிலை போடப் பழகிவிட்டாய் என்று அறிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

கார்த்திகையில் உன் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் உடைந்து கன்னத்தில் உரஞ்சத் தொடங்கியது. பராசக்திப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, “நோகிற இடத்திலை ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக்கொண்டு படடி, விடியுமட்டும் ஒண்டும் தெரியாது” என்று வைத்தியம் சொன்னார். தெரியாதுதான், அது விறைக்கப்பண்ணிவிடும். நோவு கூடக்கூட இவளும் புகையிலையைக் கூட்டினாள். நித்திரையிலும் வாய்க்குள் அந்த ஊறல். தலையணை சிவப்பு, சுவர் சிவப்பு, பெரியம்மாவும் இவளும் சுண்ணாம்பு விரலைத் துடைத்துத் துடைத்துக் கதவுநிலை மட்டும் வெள்ளை. அந்தத் துப்பல் படிக்கத்தின் நாற்றம் இருக்கிறதே, சீ, மாட்டுக்கொட்டில் கூட்டிப் பழகிய நானே மூக்கைப் பொத்திக்கொள்வேன். பிறகு உறைப்பு எரிக்கிறது என்று சொல்லித் தயிர்ச்சோறு மட்டும் தின்றாள். ஒருநாள் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உட்கன்னத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெள்ளைப் படை.

மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம் என்றால் பெரியம்மா குறுக்கே நிற்கிறார். “குமர்ப்பிள்ளையள் இருக்கிற வளவு. ஆஸ்பத்திரி எண்டு கதை வெளிக்கிட்டால் ஒரு சம்பந்தம் வருமோ?” என்று என்னிடமே கேட்டார். ஒருத்தியின் வாய் அழுகலாம், ஊரில் கதை மட்டும் நாறக்கூடாது. இந்த நியாயத்தைப் போல் அருவருப்பானது வேறு உண்டோ? நான் வண்டியைக் கட்டிவிட்டேன். அங்கே டாக்குத்தர் அம்மா விளக்குப் பிடித்துப் பார்த்து, கழுத்தைத் தடவிப் பார்த்து, “உது இன்னும் புற்றில்லை. ஆனால் புற்று இப்பிடித்தான் வெளிக்கிடும்” என்றார். பல்லைப் பிடுங்கினார். புகையிலையை அடியோடு விடவேண்டும், மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும் என்றார். பெண்களுக்கு வாயிலும் மார்பிலும் வருகிற புற்று தொடக்கத்தில் நோகாதாம், நோகாதபடியால் ஒருவரும் வருவதில்லையாம், நொந்து வருகிறபோது நேரம் கடந்துவிடுமாம்.

தை முடிவில் பெரியம்மாவின் பேத்தி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. வெற்றிலைத் தட்டை மறுத்தால் அந்த வீட்டோடு கோபம் என்று அர்த்தம், உனக்குத் தெரியும். நான் பந்தலில் இருந்தேன். பெரியம்மா புகையிலை வைத்து மடித்து உன் அம்மாவின் வாய்க்குக் கிட்டவே நீட்டினார். இவள் தலையை ஆட்டினாள். “ஏனடி, அந்த டாக்குத்தர்ப் பொம்பிளை உன்னைக் கிறிஸ்து வேதத்திலை சேர்த்துப்போட்டாளோ? இண்டைக்கு வெத்திலையை விட்டாய், நாளைக்குத் திருநீற்றையும் விடுவாய்” என்றதும் பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். உன் அம்மா வெளிச்சத்துக்கு வந்து இருந்து வாயை ஆவென்று திறந்து, “வந்து பாருங்கோ, பார்த்துப்போட்டுச் சிரியுங்கோ” என்றாள். குனிந்து பார்த்தவளின் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொருத்தி, “என்ரை வாயையும் ஒருக்காப் பாரனக்கா” என்று வந்தாள். பிறகென்ன, கூறைச்சேலையும் அட்டியலுமாக மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் ஒருத்தி வாயை ஒருத்தி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வாழையடியில் துப்பியவர்களும் உண்டு.

பெரியம்மா மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போனார். உன் அம்மா பின்னாலே போய், கனநேரம் கழித்து வெளிறிய முகத்தோடு வந்து, “இஞ்சாருங்கோ, அக்காவுக்கு உள்ளுக்கை பெரிய புண். வெத்திலையாலை மூடிக்கொண்டு திரிஞ்சிருக்கிறா. விடிய வண்டியைக் கட்டுங்கோ” என்றாள். பெரியம்மா எங்களுக்குச் சொன்ன புகையிலை வைத்தியம், தன் நோவுக்குத் தானே செய்துகொண்டிருந்ததாம். பேத்தியின் சம்பந்தம் கெடும் என்று பெற்ற மகளுக்குக்கூடக் காட்டவில்லையாம். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன வண்டிக்குள் அந்தப் புண்ணின் மணம் தாங்கமுடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனேன். கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறது, கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டும், அங்கே பார்த்துத்தான் ஏதும் சொல்லலாம் என்றார் டாக்குத்தர் அம்மா. புதன்கிழமை ரயில் கோச்சியில் போகிறார்கள், உன் அம்மாவும் கூடப் போகிறாள். உன் அம்மாவின் வெள்ளைப் படை குறைந்து வருகிறது, நீ பயப்படாதே. இவ்வளவு காலமும் நட்டு வளர்த்த அந்தப் புகையிலையைத் தொடவே எனக்குக் கை கூசுகிறது. வருகிற போகம் தோட்டத்தில் பாதித் தறைக்கு வெங்காயம்தான் நடுவேன்.

பிள்ளை, நீ கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து நாக்கையும் கன்னத்தையும் மாதம் ஒருமுறை பார். வெள்ளையோ சிவப்போ ஆறாத புண்ணோ கண்டால் அங்கே டாக்குத்தரிடம் போ. குளிக்கும்போது மார்பில் கட்டி ஏதும் கைக்குத் தட்டுப்படுகிறதா என்றும் பார்க்கவேண்டுமாம், அம்மா எழுதச் சொன்னாள். தகப்பன் எழுதுகிற விஷயமல்ல, எழுதிவிட்டேன். நோகவில்லை என்று இருந்துவிடாதே. மருமகனிடம் மறைக்காதே, இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கந்தசுவாமியார் உன்னையும் உன் குடும்பத்தையும் நெடுங்காலம் காப்பாராக. பேரனுக்கு என் முத்தம். உனக்கு முதல் வெற்றிலை மடித்துத் தந்தவர் பெரியம்மாதானாம், இன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார். மீனாம்பிகைக்கு என்ன எழுத என்று கேட்டேன். அவருக்கு வாய் சரியாகத் திறபடவில்லை. “இந்தக் காயிதம் வாசிக்கேக்கையும் வாய்க்குள்ளை வைச்சிருப்பாள். துப்பச் சொல்லும்” என்றார்.

இப்படிக்கு,
உன் அப்பு
வே. கதிரிப்பிள்ளை