ரவைக்கூடு: இரும்பா, பிளாஸ்டிக்கா

28.10.2006, சனி

மழை. எலும்புக்குள் போகும் காற்று. நோர்மனின் வான் வண்டியில் லாவாலில் உள்ள துவக்குக் கடைக்குப் போய் வந்தாயிற்று.

நோர்மனும் நானும் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஒன்பது வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறோம். ஒவ்வொரு நவம்பரும் தம்பியோடு மான் வேட்டைக்குப் போவான். தம்பி மாசியில் செத்துப்போனான். ஜூனில் ஒருநாள், விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்தபடி, "நீ வாறியா?" என்றான். யோசிக்காமல் ஓம் என்றேன். கலியாண வீடு, செத்த வீடு தவிர இந்த ஊரில் என்னை ஒருவரும் எங்கும் கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு: வேட்டைத் துவக்கு வகுப்பு. சோதனை (பிரெஞ்சில், மயிரிழையில் பாஸ்). லைசன்ஸ். பழைய துவக்கு ஒன்று, வெடிக்கு வெடி போல்டை இழுத்துத் தள்ளுகிற வகை. குண்டுகளை அடுக்கிச் செருகும் ரவைக்கூடு மட்டும் இல்லை.

கடைக்காரன் இரண்டு எடுத்துவைத்தான். பிளாஸ்டிக்: பாரமில்லை, கறள் பிடிக்காது, குளிரில் கையில் ஒட்டாது. இரும்பு: பாரம், எண்ணெய் பூசவேண்டும், ஆனால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் இருக்குமாம். நோர்மன் இரும்புப் பக்கம். "கடும் குளிருக்கு பிளாஸ்டிக்கின்ர வாய் வெடிச்சுப்போகும். நான் கண்டிருக்கிறன்."

கடைக்காரன் பிளாஸ்டிக்கைத் துவக்கில் போட்டுக் காட்டினான். 'சப்' என்றது. சரி. இரும்பைப் போட்டான். 'டக்'.

என் கை சட்டைப்பைக்குள் போய் ஆஸ்பத்திரி அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் அவன் முன்னால் நீட்டியது. நான் நீட்டவில்லை, கை நீட்டியது. கடைக்காரன், "இதுக்கு அட்டை ஒண்டும் தேவையில்லை, மிஸியூ" என்றான். நோர்மன் சிரித்தான். நானும் சிரித்தேன். முதுகு முழுக்க வியர்வை.

இரண்டையும் வாங்கினேன். ஒன்றை ஒரு கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

பால், பாண் வாங்க மறந்துவிட்டேன்.

29.10, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் நாள். தனி ஆளுக்கு எதற்குக் கூடுதலாக ஒரு மணித்தியாலம்.

டொரொண்டோவுக்கு ஃபோன். மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்று மாதம் என்று போனவள் என் மனைவி. இது மூன்றாவது வருடம். சண்டை ஒன்றும் இல்லை. அவள் வரவில்லை, அவ்வளவுதான்.

"துவக்கோ? உங்களுக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானே ஓடிவந்தனாங்கள்."

"இது மானுக்கு."

"மானை ஆர் அறுத்துச் சமைக்கிறது?"

"நான்தான்."

"சரி, பிள்ளை அழுகுது. பேந்து எடுக்கிறன்."

எடுக்கவில்லை.

மத்தியானம் துவக்கை மடியில் வைத்து, ரவை இல்லாத இரும்புக் கூட்டைப் போட்டுப் போட்டுப் பழகினேன். டக். கை சட்டைப்பைக்கு. டக். கை சட்டைப்பைக்கு. பை இல்லாத ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கை நெஞ்சில் பையைத் தேடுகிறது. ஊரில் சென்ரிச் சாவடியில் ஆமிக்காரன் இந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் "ஐசி" (அடையாள அட்டை) என்று கேட்பான். கேட்க முன்னமே நீட்டினவன் வீட்டுக்குப் போனான். எனக்கு முன்னால் நின்றவன் பையில் தேடிக்கொண்டு நின்றான்.

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை காசு கொடுத்து அடுப்பு வாங்கி வைத்திருக்கிறது.

பிளாஸ்டிக்தான். முடிவு.

31.10, செவ்வாய்

உறைபனி. ஹீற்றர் இன்னும் போடவில்லை. கட்டடம் பார்க்கும் கொன்சியேர்ஜிடம் சொன்னால் "தெமா(ன்), தெமா(ன்)" என்கிறான். அவனுடைய நாளை வருவதற்குள் வசந்தம் வந்துவிடும்.

நோர்மனிடம் பிளாஸ்டிக் என்றேன். காரணம் பாரம் என்று பொய். "உன்ர விருப்பம்" என்றான், முகம் சுருங்கியது.

பின்னேரம் பேய் வேடம் போட்ட மூன்று பிள்ளைகள் மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டினார்கள். மிட்டாய் இல்லை. மாரி பிஸ்கட் பைக்கற்றைக் கொடுத்தேன். நன்றி சொன்னார்கள். இன்றைக்கு நோர்மனைத் தவிர என்னோடு கதைத்தது அவர்கள்தான்.

1.11, புதன்

பஸ்ஸில் நிற்கும்போது உறைத்தது. நான் பிளாஸ்டிக் வாங்கி என்ன? நோர்மனின் துவக்கில் இருப்பது இரும்பு. காட்டில் எனக்குப் பத்தடி தள்ளி நின்று அவன் 'டக்' என்று போடுவான். என் கையில் ரவை போட்ட துவக்கு இருக்கும். கை அட்டை தேடப் போகும். துவக்கின் வாய் எந்தப் பக்கம் திரும்பும், யாருக்குத் தெரியும்.

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் கூட்டிப்போக மாட்டான். புத்தியுள்ள எவனும் கூட்டிப்போக மாட்டான். கிறிஸ்மஸோடு ஓய்வு பெறுகிறான். பிறகு விரிப்பின் மற்ற நுனியில் யாரோ.

எனக்குப் போக ஆசை. மான் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு நாள் ஒரு மனிதனோடு சாப்பிட்டு, எழும்ப ஆசை.

2.11, வியாழன்

சொல்லிவிட்டேன். காலை இடைவேளை, பின்வாசலில், அவன் சிகரெட் பிடிக்கும் இடம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில். கடையில் நான் அட்டை நீட்டியது ஏன் என்பதையும் சொன்னேன். சிகரெட்டை மிதித்துவிட்டு உள்ளே போனான்.

பின்னேரம் வரை மடித்தோம். நுனியைப் பிடித்துக்கொண்டு அவன் வருவான், நான் போவேன், நுனியைக் கொடுப்பான், திரும்புவான். முன்னூறு விரிப்பாவது இருக்கும். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் நினைத்தேன்.

வேலை முடிந்து கார்ட் அடிக்கும்போது நோர்மன்: "இந்த வருசம் உனக்குத் துவக்கு வேண்டாம், சிவா."

ஓம் என்றேன். கோட்டை எடுத்தேன்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வாறன். பெரிய சப்பாத்துப் போடு."

"துவக்கில்லாமலோ?" என்றேன்.

"நான் துவக்குக்காரன் தேடேல்ல. அங்க, காட்டுக் கொட்டில்ல, ரெண்டு கட்டில் கிடக்கு. தனியப் படுக்க என்னால ஏலாது."

என்னைப் பார்க்காமல், கார்ட் மெஷினைப் பார்த்துச் சொன்னான்.

3.11, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். லீவு போட்டாயிற்று. துவக்கு பூட்டி அலுமாரியில். கூடு இரண்டும் பக்கத்தில்.

பையில்: இரண்டு கம்பளிக் காலுறை. மிளகாய்த் தூள், கறித்தூள். அரிசி. தேயிலை. நோர்மனுக்குப் பருப்பு வடை (உப்புக் கூடிவிட்டது). தலையிடி மாத்திரை.

இரண்டு மணிக்குத்தான் வருவான். இப்போது பதினொன்று பத்து. சப்பாத்துப் போட்டாயிற்று, செம்மஞ்சள் வேட்டைச் சட்டையும் போட்டாயிற்று. வீட்டுக்குள் வியர்க்கிறது. கழற்ற மனம் வரவில்லை.