பக்கத்தில் இருப்பவள் தூக்க வேண்டும்

அக்கா,

இன்று மத்தியானம் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, கன்னத்தில் முத்தமிடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தனக்கா கட்டையின் வாசனை. ரங்கூன் பழக்கம் என்று அந்த மரக்கட்டையைக் கல்லில் இழைத்து முகத்தில் பூசிக்கொள்வீர்களே, சந்தனத்தில் மழைமண் கலந்த மாதிரி, அதே வாசனை. வீட்டில் நானும் அவனும் மட்டும்தான்.  பிறகுதான் ஞாபகம் வந்தது. காலையில் குப்பம்மா வந்து பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனாள். உங்கள் கட்டை இப்போது அவளிடம்தான் இருக்கிறது. காரணம் தெரிந்தும் மறுபடி குனிந்து முகர்ந்தேன்.

உடனே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. நீங்கள் போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது.

பிரசவ வார்டில் ஆயாவாக இருந்த உங்களை நான் முதலில் பார்த்தது ஒரு சண்டையில். பிறந்த பிள்ளையை யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் மூச்சு நின்றுவிடுமோ என்று விரலை அவன் மூக்கருகே வைத்தபடியே இருந்தேன். நீங்கள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தீர்கள்.

"இன்னா காலேஜு, புள்ள மூச்சையே பாத்துகினு கீறியே, உன் மூச்ச எப்ப பாப்ப?"

காலேஜில் படித்தவள் என்று அன்றிலிருந்து எனக்குக் "காலேஜு" என்றே பேர். பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டுக்குப் பின்னால் இருந்த காலிக் கிடங்குக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னீர்கள். கரித்தூள் படிந்த தரையில் கோரைப்பாய்கள். சிலை இல்லை, ஊதுவத்தி இல்லை. புளியந்தோப்பிலிருந்து மூட்டை தூக்குகிறவர்களின் பெண்டாட்டிகள், ராயபுரத்து மீன்காரிகள், மண்டிக்கடை வீட்டு மருமகளாக நான் ஒருத்தி. "புத்தர் சாமியில்ல. நம்மள மாதிரி மூச்சு வுட்ட மனுசன். மூச்சு எங்க போவுது, எங்க வருதுன்னு பாத்தாரு. நீங்களும் பாருங்க" என்றீர்கள். ரங்கூனில் அடுத்த வீட்டு பர்மாக்காரி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதானாம். உட்கார்ந்து எழுந்தபின், யார் வீட்டில் சீக்கு, யார் புருஷனுக்கு வேலை போயிற்று என்று பேசி, அந்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவோம்.

ஒரே ஒரு சட்டம் வைத்தீர்கள். உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை அழுதால் பெற்றவள் எழுந்திருக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவள் தூக்க வேண்டும்.

என்னால் முடியவில்லை. என் பிள்ளை அழுவான், பக்கத்துப் பாயில் இருக்கும் குப்பம்மா தூக்குவாள், என் உடம்பெல்லாம் வேர்த்துப்போகும். வீட்டில் அத்தை வேறு. "கண்ட கண்ட கையில பிள்ளையக் குடுத்துட்டு நீ கண்ண மூடிக்கிட்டு இருக்கியாக்கும்? நம்ம வீட்டுப் பிள்ளையா, சத்திரத்துப் பிள்ளையா?" அவனுக்குக் கக்குவான் இருமல் வந்தபோது அத்தை சொன்னதை நானும் பாதி நம்பினேன். ஓடிவந்து உங்களிடம் கேட்டேன், இது எதற்கு இப்படி ஒரு சட்டம் என்று.

சுருட்டை அணைத்துவிட்டுச் சொன்னீர்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து நடந்தே வந்த கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். வழியில் காய்ச்சலில் விழுந்தீர்கள். அழுத உங்கள் மகனை யாரோ ஒருத்தி தூக்கி இடுப்பில் வைத்தது கனவு மாதிரி தெரிந்தது. கண் விழித்தபோது கூட்டம் போய்விட்டிருந்தது, மகனும் இல்லை.

"அழுதுகினு கீற புள்ளய வுட்டுட்டுப் போவாம தூக்கினா பாரு, அவ யாரோ, இன்னா சாதியோ. அவ கைய நம்பித்தான் நான் இன்னிக்கும் சோறு துன்றேன்."

"கிடைப்பான் அக்கா" என்றேன்.

"தெரியாதத சொல்லாத, காலேஜு."

 மார்ச்சளி உங்களைக் கொண்டுபோனபோது கிடங்கும் பூட்டிக்கொண்டது. ஆனால் இந்த வீட்டை விட்டு நீங்கள் போகவில்லை. பிள்ளை அழும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் சுருட்டு இருமல் கேட்கும். திரும்பமாட்டேன்.

தை பிறந்ததும் குப்பம்மா வந்தாள். "வா, கெடங்க தொறந்து உக்காருவோம். இல்லன்னா அந்தம்மா அவ்ளோதான்" என்றாள். அத்தை வாசலை மறித்தாள். பிள்ளையோடுதான் போனேன்.

எல்லோரும் பழைய இடங்களிலேயே உட்கார்ந்தோம். உங்கள் பாயையும் குப்பம்மா வழக்கம்போல் விரித்துவிட்டாள். யாரும் அதில் உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை வீறிட்டது. என் பிள்ளை இல்லை. புதிதாக வந்த மாரியின் பிள்ளை, தவழ்ந்து உங்கள் பாய்க்கே போய்விட்டது. பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். நீங்கள் எழுந்திருப்பீர்கள் என்று எல்லோருமே காத்திருந்தோம், அக்கா. சத்தியமாகக் காத்திருந்தோம். அது அழுதுகொண்டே இருந்தது. மாரி உதட்டைக் கடித்தபடி அசையாமல் இருந்தாள்.

எழுந்து அதனிடம் போனேன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தொட்டால் உடம்பு சுட்டது. என் பிள்ளையின் கக்குவான் நினைவு வந்தது. தூக்கினேன். என் பிள்ளையை அப்போது குப்பம்மா தன் மடியில் வைத்திருந்தாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதை மடியில் போட்டுக்கொண்டு உங்கள் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். நாங்கள் அத்தனை பேரும் வாசலுக்கு முதுகு காட்டி இருந்தோம். அந்தப் பாயிலிருந்து மட்டும் வாசல் தெரிகிறது. வாசலுக்கு அப்பால் தெரு, ரயிலை விட்டு இறங்கி மூட்டை முடிச்சோடு போகிற ஜனம். நீங்கள் பாதிக் கண்ணைத் திறந்தே உட்காருவது ஒரு தியான முறை என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

இப்போது அங்கே நான்தான் உட்காருகிறேன். உங்கள் மகன் முகம் எனக்குத் தெரியாது. இந்நேரம் மீசை அரும்பியிருக்கும். இடது காதுக்குக் கீழே தீப்பட்ட தழும்பு என்று ஒரு தரம் சொன்னீர்கள். மூச்சு வருகிறது, போகிறது. வாசலில் நிழல் தட்டினால் அந்தக் காதைத்தான் தேடுகிறேன், அக்கா.