வரப்பை வெட்டியவன்

மாமா,

உங்கள் நோட்டில் இன்னும் வேப்பெண்ணெய் வாசனை இருக்கிறது. துபாயிலிருந்து வந்திருக்கும் உங்கள் மகன், நீங்கள் கண்ணை மூடிய பிறகு பரணைக் காலி செய்யும்போது கிடைத்ததென்று கொண்டுவந்து கொடுத்தான். "வாப்பா ஒங்க வயலப் பத்தியும் இதுல எழுதி வச்சிருக்காங்க" என்றான்.

நான் இப்போது படிக்கிறேன், மாமா. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. எழுபது வயதில் யாரையும் கேட்காமல் முத்துப்பேட்டை பஸ்ஸில் ஏறுகிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, சுவர் விளம்பரம் எதையும் விடுவதில்லை. அந்தச் சந்தோஷத்தோடுதான் உங்கள் நோட்டையும் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அந்த வருஷங்களில் கார்த்திகை மழை ஒரேயடியாகக் கொட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வடியாமல் பயிர் அழுகும். பையன்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் போனார்கள். அப்போதுதான் ஆராய்ச்சி நிலையத்து அம்மா, முழுகினாலும் பிழைக்கும் என்று ஒரு நெல்லைக் கொண்டுவந்தார்கள். நம் வயலில் நாமே வளர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரே தயங்கியபோது நீங்கள் நிலம் கொடுத்தீர்கள், என்னையும் சேர்த்துவிட்டீர்கள். இரண்டு வயலுக்கும் நீங்களே இந்த நோட்டில் குறிப்பு எழுதி அந்த அம்மாவிடம் காட்டினீர்கள். எனக்குத்தான் எழுதத் தெரியாதே.

பயிர் முழுகினால் பதினைந்து நாள் தண்ணீரை வடிக்கக் கூடாது. அதுதான் ஒப்பந்தம். என் வயலில் இன்னும் நடவு முடியவில்லை என்பதால் முதலில் முழுகியது உங்கள் வயல். மகனை விமானம் ஏற்றிவிடத் திருச்சிக்குப் போனீர்கள். தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னீர்கள்.

ஆறாம் நாள் காலையில் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. முழுகிய பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்று எனக்குப் பழக்கமில்லை. மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டிவிட்டேன்.

நீங்கள் வந்து அந்த இடத்தில் குந்திப் பார்த்தீர்கள்.

"என்ன மாப்ள ஆச்சு?"

"நண்டு வளை, மாமா. ஒடச்சுக்கிட்டுப் போயிருச்சு."

வெட்டின மண்ணை விரலால் தடவினீர்கள். "நண்டுகூட மம்முட்டி வாங்கிருச்சா?"

அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் உங்கள் வயலைச் சோதனையில் சேர்க்கவில்லை. ஏனென்று கேட்டேன். "எனக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சிருப்பாங்க. ஒன் வயலு இருக்குல்ல, அதப் பாரு" என்றீர்கள். என் வயலில் அந்த நெல் வெள்ளத்தைத் தாங்கி நின்றது. விதையும் எனக்குத்தான் கொடுத்தார்கள். நீங்கள் நிலத்தை இறால் குட்டைக்குக் குத்தகைக்கு விட்டீர்கள். அதன் பிறகு அந்த மண்ணில் நெல் விளையவில்லை.

நோட்டில் அந்த ஆறாம் நாளுக்கு நேரே உங்கள் கையெழுத்து: 'வரப்பை நானே வெட்டிவிட்டேன். பயிர் முழுகிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.'

தப்பாகப் படிக்கிறேனோ என்று மூன்று முறை படித்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன். அழுகை வரவில்லை. உங்கள் மேல் கோபம் வருமா என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டேன்.

நேற்று, இப்போது நிலையத்திலிருந்து வரும் பெண்ணிடம் நோட்டைக் காட்டினேன். உங்கள் வரிக்குக் கீழே 'வெட்டியது நான்' என்று எழுதி, என் பெயரையும் போட்டிருந்தேன்.

"பழைய கதைங்க ஐயா. இப்ப எதுக்கு?" என்றாள்.

"அவரு தண்ணியத் தொறந்து வுடலம்மா. அத எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டாள். மனது லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

இந்த வருஷமும் என் வயலில் சோதனை நடக்கிறது. பயிர் முழுகி ஒன்பது நாளாகிறது. விடிந்ததும் கால் தானாக வரப்புக்குப் போய்விடுகிறது. மண்வெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். வெறுங்கையோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், மாமா.