ஆறாத காப்பி

13-9-1959, ஞாயிறு

தங்கையைப் பெண் பார்க்க ஆலங்குடியிலிருந்து மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் வந்திருந்தார்கள். இந்த இடம் அமைய அம்மா ஆறு மாதம் அலைந்தாள். கூடத்தில் மாட்டியிருந்த தேக்கு மயிலைப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா, "எந்த ஆசாரி அறுத்தது?" என்றார்.

நான்தான், பழைய தையல் மெஷினில் மெல்லிய ரம்பம் பூட்டிப் பின்கட்டில் அறுத்தேன் என்றேன்.

"பாலிடெக்னிக் படிச்சுப்புட்டு ஆசாரி வேலையா? வெளிய சொல்லிப்புடாதீங்க தம்பி," என்று சிரித்தார்.

"ஆசாரி இல்லாமத்தான் ஒங்க வீட்டுக்குக் கதவு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். கேசரியை யாரும் தொடவில்லை. தங்கை காப்பித் தட்டோடு உள்ளறையிலேயே நின்றுவிட்டாள்.

அம்மா கேசரியை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு வருத்தமா, கோபமா என்றே தெரியவில்லை. சாயங்காலம் அந்த ரம்ப மெஷினில் உட்கார்ந்து ஒரு பலகையை அறுத்தேன். கோடு பிசகவில்லை.

தங்கை வந்து பக்கத்தில் நின்றாள்.

"நீ கேட்டது நாயந்தாண்ணே. அவுக காப்பி குடிச்சப்பறம் கேட்டிருக்கலாம். நானும் மாப்பிள்ளைய ஒரு தடவ பாத்திருப்பேன்."

நான் மெஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை.