வாசனை தெரியாமல் பறித்த கீரை

ஏப்ரல் 4

இன்றும் ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது. அடுப்புக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். கடை முன்பக்கம் இருந்த முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "என்னம்மா, நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஜனவரியில் வந்த காய்ச்சல் போகும்போது மோப்பத்தையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது என்று எப்படிச் சொல்வது? மூக்கு வேலை செய்யாதவளுக்கு பேக்கரியில் என்ன வேலை?

ஏப்ரல் 7

தங்கை வந்திருந்தாள். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். அலமாரியிலிருந்து என் வீட்டுக்காரருடைய ஸ்வெட்டரை எடுத்தேன். அவர் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து பாலிதீன் பையில் கட்டி வைத்திருக்கிறேன். எப்போதாவது, தாங்க முடியாத அன்றைக்கு மட்டும், முடிச்சை அவிழ்த்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி கட்டிவிடுவேன். ஜனவரிக்குப் பிறகு எத்தனை தடவை அவிழ்த்தாலும் வெறும் கம்பளிதான்.

"நீ மோந்து பாரு. இருக்கா?"

முகத்தைப் புதைத்துப் பார்த்தாள். "இருக்குக்கா."

"எப்படி இருக்கு?"

"அத்தான் மாதிரியே இருக்கு."

அவளிடம் இருக்கிறது. எனக்கு இல்லை. அவள் மேல் பொறாமையாக வந்தது. கூடப் பிறந்தவளிடம் போய்ப் பொறாமை!

ஏப்ரல் 12

சனிக்கிழமை மலைக்கு வா என்கிறாள் தங்கை. ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கி, காட்டில் தானாக முளைக்கிற கீரைகளைத் தேடிப் பறித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிடுவார்களாம். ஒரு தாவரவியல் டீச்சர் கூட்டிப்போகிறாராம். "ருசி தெரியாதவளுக்குக் கீரை எதுக்குடி?" என்றேன். "ருசிக்கு யாரு கூப்பிட்டா? துரும்பா இளைச்சுக் கிடக்கற. காலாற நடக்கலாம் வா."

சரி என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஸ்வெட்டரைப் பைக்குள் வைத்திருக்கிறேன், கட்டு அவிழ்க்காமல். வீட்டில் தனியாக விட்டுப்போக மனசு வரவில்லை.

ஏப்ரல் 18, மலையில், அந்தி வெளிச்சத்தில்

எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பனி உருகி ஓடைகளெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. போன வருஷத்துச் சருகைத் தள்ளிக்கொண்டு எங்கே பார்த்தாலும் பச்சை. நாங்கள் நாலு பேர்: டீச்சர், தங்கை, நான், தொப்பியைக் கழற்றவே கழற்றாத ஒரு தபால்காரர். தங்கை அவருக்குத் தொப்பி என்றே பெயர் வைத்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார்.

டீச்சருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். கையுறை போட்டு அரிக்கிற செடியின் கொழுந்தைக் கிள்ளக் காட்டினார். வெந்நீரில் போட்டால் அரிப்பு போய்விடுமாம். புளியாரை இலையைத் தொப்பி வாயில் போட்டுப் புளிப்பில் கண்ணைச் சுருக்கினார். நானும் சுருக்கினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

காட்டுப் பூண்டுக் கீரைக்கு டீச்சர் ஒரே விதிதான் சொன்னார். "இலையைக் கசக்கி மோந்து பாருங்க. பூண்டு வாசனை வந்தா எடுங்க. வரலைன்னா தொடாதீங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஓடைச் சரிவில் ஒரே மாதிரி இலைகள், பாய் விரித்தது போல. மண்டியிட்டுப் பறித்தேன். இந்தச் சரிவை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "இறங்காத, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் இறங்கியிருப்பார். அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. எனக்குள் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாயிற்று! பறித்ததையெல்லாம் பொதுத் துணிப்பையில் கொட்டினேன்.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. டீச்சர் பையைத் துணியில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இது யார் பறிச்சது?"

ஒரு இலையை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"இது பூண்டு இல்லைங்க. பார்க்க அதே மாதிரி இருக்கும், விஷம். இதயத்தையே நிறுத்திடும். வாசனை பார்க்கவே இல்லையா?"

"நான்தான்," என்றேன். "எனக்கு வாசனை தெரியாது."

தொப்பி மெதுவாகக் கரண்டியைக் கீழே வைத்தார். டீச்சர் ஒன்றும் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. நாலு பேர் நாளெல்லாம் குனிந்து பறித்ததை மொத்தமாகக் குழியில் கொட்டி மூடினார். ரொட்டியும் வேகவைத்த முட்டையும்தான் சாப்பாடு.

தங்கை என்னைக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உண்மையைச் சொல்லு. தெரிஞ்சுதான் பறிச்சியா?"

"ஐயோ, என்னடி கேக்கற? நீயும்தானே சாப்பிட்டிருப்ப!"

"எனக்கு பயமா இருக்குக்கா. அத்தான் போனதுலேர்ந்து தினமும் பயந்துக்கிட்டுதான் இருக்கேன்."

இல்லவே இல்லை என்றேன். நான் சந்தோஷமாக இருந்தேன், அதனால்தான் கவனம் தப்பியது என்றேன். நம்பினாளா? என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஏப்ரல் 19

நேற்று இருட்டும்போது குளிரில் பல் தந்தியடித்தது. எனக்கு மட்டும் கனத்த சட்டை இல்லை. தங்கை என் பையைத் துழாவி, கட்டை அவிழ்த்து, ஸ்வெட்டரை என் தலைவழியே மாட்டிவிட்டாள். தடுக்கத் தெம்பு இல்லை. ஸ்வெட்டரின் கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. அப்படியே நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வாசனை என்ன ஆகியிருக்கும் என்று விடிந்ததும்தான் உறைத்தது. "மோந்து பாரு" என்றேன் தங்கையிடம்.

"புகை நாத்தம்தான் அடிக்குது."

"அதுக்கு முன்னாடி இருந்துச்சு இல்ல?"

தரையைப் பார்த்தாள். "எனக்கு அன்னைக்கே ஒண்ணும் தெரியலக்கா. பழைய துணி வாசனைதான். உன் மூஞ்சியப் பாத்துட்டு அப்படிச் சொல்லிட்டேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றாமலே அழுதேன். கதகதப்பாக இருந்தது.

இறங்கும்போது டீச்சர் அதே சரிவில் என்னை உட்கார வைத்தார். பூண்டின் இலை ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்பில் மண்ணிலிருந்து வருகிறது. விஷச் செடியில் இரண்டு இலை ஒரே தண்டைத் தழுவிக்கொண்டு வருகிறது. விரலால் அடிவரை தடவித் தடவிப் பார்த்தேன். ஆனாலும் நான் பறித்ததை அவரும் பார்த்த பிறகுதான் பைக்குள் போக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 21

முதலாளியிடம் மூக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "இதை ஜனவரியிலேயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? உங்களைத் திட்டித் திட்டி எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு," என்றார். ரொட்டி வேகும் நேரத்துக்கு மணியடிக்கிற கடிகாரம் ஒன்று மதியமே அடுப்புக்கு மேல் ஏறிவிட்டது.

மே 1

ஸ்வெட்டரைத் துவைத்தேன். கையால்தான். உலர நாளாகிறது.

மே 10

மோப்பம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். வரும்போது வரட்டும்.

இன்று மலைக்கு வந்த மூன்று பேரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர் போன பிறகு இந்த வீட்டில் வெளியாள் கை நனைத்ததே இல்லை. உருளைக்கிழங்கு சூப் வைத்தேன். முதல் வாயிலேயே தொப்பி தண்ணீரைத் தேடினார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"என்ன, உப்பு ஜாஸ்தியா?"

"அக்கா, கடலையே கொதிக்க வெச்சிருக்க!" என்றாள் தங்கை.

முதலில் தொப்பிதான் சிரித்தார். சிரிப்பில் தொப்பி கழன்று சூப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. வழுக்கை! எல்லோரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தங்கை எழுந்து இன்னும் கொஞ்சம் கிழங்கும் வெந்நீரும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மறுபடி பரிமாறினாள். இருந்திருந்தால் அவர் ரொட்டியின் முனையை எனக்கு விட்டுவைத்திருப்பார் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அதை நானே பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டேன்.

பேச்சு சுவாரசியத்தில் கிண்ணம் காலியானதைக் கவனிக்கவில்லை. தங்கைதான் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடி," என்றேன். "பசிக்குது."